எங்கே என்று கேட்காத வீடு

1

கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே என் மகள் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒரு பேராசிரியர், பக்கத்தில் குறிப்பெடுப்பதற்கு ஓர் இளம் விரிவுரையாளர். நான் வெளியே, சுவரோரம் போட்டிருக்கும் வாங்கில் இருக்கிறேன். கைத்தொலைபேசியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சும்மா இருந்தால் எழும்பிப் போய் அந்தக் கதவில் காதை வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஊரிலிருந்து இதை வாசிக்கப்போகிற உங்களுக்கு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளின் பெயர் ஜெனி. இந்தப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். முதலாம் வருட நிரலாக்கப் பாடத்தின் எழுத்துப் பரீட்சையில் மூன்று தடவை தவறிவிட்டாள். இங்கே மூன்று தடவைதான். கடைசித் தடவை கொஞ்சப் புள்ளிகளால் தவறியவர்களுக்கு இரக்கப்பட்டு ஒரு வாய்மொழிப் பரீட்சை வைப்பார்கள். அதிலும் போனால், இங்கே மட்டுமல்ல, ஜேர்மனியில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் அவள் இந்தப் படிப்பைத் தொடர முடியாது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. இப்படி ஒரு சட்டத்தை எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, அவன் பிள்ளை பெறாதவனாக இருக்க வேண்டும்.

நான் பள்ளிமுனையில் பிறந்தவன். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. உப்பில்லாத கிழங்கை உப்பில்லாத தண்ணீரில் அவித்து, அதைச் சாப்பாடு என்று நோயாளிகளை நம்பவைப்பது என் உத்தியோகம். மனைவி றீற்றாவும் எங்கள் ஊர்தான். வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். இன்றைக்கு அவள் வேலைக்கும் போகாமல், இங்கேயும் வராமல், வீட்டில் அந்தோனியாரின் படத்துக்கு முன்னால் முழந்தாளில் நிற்கிறாள். எழும்பவே மாட்டாள். எனக்குத் தெரியும்.

2

எங்கள் பகுதியில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவரை 'எங்கே' என்று கேட்கக் கூடாது. உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இனித் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

மற்ற ஊர்களில் அது ஒரு சின்னச் சகுனம். கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் அது சட்டம். அப்பா தொழிலுக்கு வெளிக்கிடும் நேரம் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வாய் கட்டிவிடும். அம்மா கதவோரமாக ஒதுங்கி நிற்பா. பின்னால் கூப்பிடக் கூடாது. எதையாவது மறந்துவிட்டார் என்று தெரிந்தாலும் கூப்பிடக் கூடாது. தப்பித் தவறி யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால் அப்பா ஒரு சொல்லும் பேச மாட்டார். திரும்பி வருவார், ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார், கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு புதிதாக வெளிக்கிடுவது போல எழும்பிப் போவார். சில நாளில் போகாமலே இருந்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் கறி என்னவென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒருமுறை தெற்கிலிருந்து ஒரு வங்கி அதிகாரி மாற்றலாகி வந்து கரைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தார். நல்ல மனிதர். சிங்களத்தில் வழியில் காண்கிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்பது, நாங்கள் சுகமா என்று கேட்பது போல. அந்த ஒரு வசனத்தைத் தமிழில் பாடமாக்கிக்கொண்டு, காலையில் நடக்கப் போகும்போது எதிர்ப்படுகிற ஒவ்வொருவரிடமும் சிரித்த முகத்தோடு கேட்டார். "எங்க போறீங்க? எங்க போறீங்க?" படகடிக்குப் போன ஆட்களெல்லாம் வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்தார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். பெண்கள் அந்த மனிதரைத் திட்டாத திட்டில்லை. ஆனால் ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கடைசியில் பங்குத்தந்தைதான் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார். அதன்பிறகு அவர் பாவம், யாரைக் கண்டாலும் வானத்தைப் பார்த்தார்.

நாங்கள் இங்கே வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த சாமான்களில் இப்போது ஒன்றும் மிச்சமில்லை. இந்தப் பழக்கம் மட்டும் புதுக்கருக்குக் குலையாமல் இருக்கிறது. கீழ்வீட்டுக் கிழவி படிக்கட்டில் என்னைக் கண்டு "எங்கே, வேலைக்கா?" என்று கேட்டால் நான் இப்போதும் மேலே ஏறி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவேன். அதனால் பஸ்ஸைத் தவறவிட்டு, குசினிப் பொறுப்பாளரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். காரணம் கேட்டார். டொச் மொழியில் அதை விளங்கப்படுத்த முயன்றேன். தண்ணீர் குடிப்பதற்காகத் தாமதமாக வந்த ஒருவனை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

ஜெனி இந்த வீட்டில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம், நீச்சல், சிநேகிதி வீடு, எங்கே போனாலும் அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். சப்பாத்தைப் போட்ட பிறகு நாங்கள் கேட்டதே இல்லை. "போட்டு வாறன்" என்பாள். "வா" என்போம். அவ்வளவுதான்.

3

கணினி படி என்று நாங்கள் அவளை நெருக்கவில்லை. எனக்கு அந்தப் படிப்பின் பெயரையே ஒழுங்காகச் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் அவள் கெட்டிக்காரி. உயிரியலும் சித்திரமும் அவளுக்குப் பிடித்தவை. கணினியில் படம் பார்த்ததையும் கட்டுரை அடித்ததையும் தவிர வேறொன்றும் செய்ததில்லை. ஒருநாள் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டுகிற நாளுக்குப் போய்விட்டு வந்து, "அப்பா, முன்னறிவு ஒண்டும் தேவையில்லையாம். அடியிலயிருந்து படிப்பிப்பினமாம்" என்றாள். கண் மின்னியது. முன்னறிவு இல்லாமல் ஒரு நாட்டுக்கே வந்து இருந்தவர்கள் நாங்கள். அதனால் அந்தச் சொல் எங்களுக்கும் நல்லதாகப் பட்டது.

முதல் கிழமை அவள் எழுதிய முதல் நிரலை எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது: வணக்கம் பள்ளிமுனை. எல்லோரும் வணக்கம் உலகம் என்றுதான் எழுதுவார்களாம், இவள் மாற்றியிருந்தாள். இரண்டே இரண்டு தடவை கண்ட ஊர். றீற்றா அழுதுவிட்டாள்.

அந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் வகுப்பே நடத்துவாள். மாறி என்றால் பெயர் எழுதிய ஒரு டப்பா மாதிரியாம். எண் போடுகிற டப்பாவுக்குள் எழுத்தைப் போட்டால் கொம்பைலர் பிடித்துவிடுமாம். கொம்பைலர் என்பது நாம் எழுதியதை வாசித்துப் பிழை கண்டுபிடிக்கிற ஒரு நிரல், எங்கள் பழைய தலைமை ஆசிரியர் மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். பிறகு குசினித் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். அங்கே ஹோர்லிக்ஸ் போத்தலில் மிளகாய்த்தூள், பிஸ்கட் டின்னில் கருவாடு, கோப்பி டின்னில் ஊசி நூல். "அம்மா, உங்கட குசினிய ஒரு கொம்பைலரும் விடாது" என்றாள்.

பிறகு, மெல்ல மெல்ல, அந்தப் பேச்சு நின்றது. எந்த நாளில் என்று சொல்லத் தெரியாது. ஒருநாள் கவனித்தபோது நின்றிருந்தது. படிப்பு கூடிவிட்டது என்று நினைத்தோம். பேசாத பிள்ளை படிக்கிற பிள்ளை என்று நம்புவது எவ்வளவு வசதி!

4

எனக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. போன வருடக் கடைசியில் ஒரு செவ்வாய், கடிதம் போட ரயில் நிலையத்துப் பக்கம் போனேன். பல்கலைக்கழகம் பக்கத்து நகரத்தில் இருக்கிறது, ரயிலில்தான் போக வேண்டும். மேடையில் ஜெனி இருந்தாள். மடியில் பை, பையின் மேல் இரண்டு கை. அவளுடைய ரயில் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போனது. அவள் எழும்பவில்லை.

அடுத்த ரயிலும் வந்தது, போனது.

நான் அவளுக்குப் பின்னால் தூணோரம் நின்றேன். கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. வெளிக்கிட்டவளைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்று எனக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்களோ திட்டுவீர்களோ தெரியாது. குளிரில் நடுங்கிக்கொண்டு, என் பிள்ளையின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சத்தம் காட்டாமல் வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். "வந்திட்டன்" என்றாள். வந்தவரையும் நாங்கள் கேட்பதில்லை. கரையில் நிற்கிறவர்கள் எவ்வளவு மீன் பட்டது என்று கேட்க மாட்டார்கள், படகு தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். சப்பாத்தைக் கழற்றினாள், சிரித்தாள், பசிக்குது என்றாள். ஒன்றும் தெரியவில்லை. என் பிள்ளைக்கு இவ்வளவு நன்றாக நடிக்கத் தெரியும் என்பது எனக்குப் பயத்தைத் தந்தது.

அடுத்த செவ்வாயும் போனேன். அதே மேடை, அதே இருக்கை.

றீற்றாவிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அவளைக் கேக்காதேங்கோ."

"கேக்காமல்?"

"அவளாச் சொல்லுவாள். ஏதோ ஒரு வழியில வெளிக்கிட்ட பிள்ளை. நாங்கள் கேட்டு, இருக்கிறதையும் குழப்பினால்?"

"வெளிக்கிடவே இல்லையடி. மேடையில இருக்கிறாள்."

"எண்டாலும் வேண்டாம்" என்றாள். குரல் கெஞ்சியது. எனக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது என்பதுதான் வெட்கம்.

5

அவளிடம் கேட்க முடியாதவன் கந்தோரில் கேட்கலாம் என்று போனேன். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான அலுவலகம் ஒன்று இருந்தது. வரிசைச் சீட்டை எடுத்துக்கொண்டு, என் பிள்ளையின் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், ஆஸ்பத்திரிச் சப்பாத்தோடு காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை டொச்சில் மனதுக்குள் பலதரம் ஒத்திகை பார்த்தேன். முறை வந்ததும் எல்லாம் மறந்துபோய், "என் மகள் காணாமல் போய்விட்டாள்" என்று சொல்லிவிட்டேன். படிப்பில் வழி தவறிவிட்டாள் என்பதைத்தான் சொல்ல வந்தது. அந்த அலுவலர் பதறிப்போய்த் தொலைபேசியை எடுத்துவிட்டார். பொலிஸுக்கு! இல்லை இல்லை, காலையில் அவளோடுதான் பாண் சாப்பிட்டேன் என்று நான் கையைக் காலைக் காட்டி நிறுத்தினேன்.

அவர் மூச்சு விட்டு, கதிரையில் சாய்ந்து, மரியாதையாகச் சொன்னார். மகளுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. அவர் வகுப்புக்கு வருகிறாரா, பரீட்சை எழுதினாரா, எதையும் என்னிடம் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. அவர் இங்கே படிக்கிறார் என்பதைக்கூடச் சொல்ல முடியாது.

"நான் தகப்பன்" என்றேன்.

"தெரிகிறது. அப்படியானால் அவரிடமே கேளுங்கள்" என்றார்.

எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டார். கடவுச்சீட்டுக்கும், விசாவுக்கும், குழந்தை உதவிப் பணத்துக்கும் இந்த நாட்டுக் கந்தோர்களில் நான் ஏறாத படி இல்லை. எந்தக் கந்தோரும் இவ்வளவு கடினமான ஒன்றை என்னிடம் கேட்டதில்லை.

திரும்பி வரும் ரயிலில் அண்ணனை நினைத்தேன். அண்ணனின் பெயர் அருள். அது யுத்த காலம். ஒரு மத்தியானம் தோய்த்த சேர்ட்டைப் போட்டு, தலை இழுத்து வாரி, சைக்கிளை எடுத்தான். அம்மா முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தா. தலையை நிமிர்த்திப் பார்த்தா. கேட்கவில்லை. அந்த நாட்களில் கேட்காமல் இருப்பதற்குச் சகுனம் மட்டும் காரணமில்லை. தெரியாவிட்டால் யாரும் அடித்துக் கேட்டாலும் சொல்ல ஒன்றும் இருக்காது அல்லவா? அண்ணன் திரும்பி வரவில்லை.

பல வருடம் கழித்து, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்களின் முன்னால் அம்மா போய் இருந்தா. நானும் அப்போது ஊருக்குப் போயிருந்தேன், பக்கத்தில் இருந்தேன். மகன் எங்கே போவதாகச் சொன்னார் என்று அவர்கள் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார்.

"நான் கேக்கேல்லை ஐயா" என்றா அம்மா. "வெளிக்கிட்டவனை எப்பிடி ஐயா கேக்கிறது?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் 'தெரியாதாம்' என்று ஒரே சொல்லில் முடித்தார். அம்மா கண்ணை மூடும்வரை அந்த ஒன்றைத்தான் சொல்லிச் சொல்லி அழுதா. கேட்டிருந்தால் எந்தப் பக்கம் தேடுவது என்றாவது தெரிந்திருக்கும் என்று.

6

அடுத்த நாள் காலை. ஜெனி சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்துக் கதவுப் பிடியில் கை வைத்தாள். "போட்டு வாறன்."

றீற்றா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். குசினி வாசலில் நின்று தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"ஜெனி" என்றேன். "எங்க போறாய்?"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஜெனி திரும்பவில்லை. கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள். குனிந்து, கட்டிய நாடாவை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றினாள். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் குசினிக்குப் போனாள். குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். வந்து கதிரையில் இருந்தாள். என் அப்பாவை அவள் கண்டதே இல்லை. ஆனால் அப்படியே அவர்தான்.

தண்ணீர் குடித்தவர் மறுபடி வெளிக்கிடலாம், அதற்கும் வழக்கத்தில் இடமுண்டு. அவள் எழும்பிப் போய்விடுவாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இருந்தாள்.

"ரயில் நிலையத்துக்கு" என்றாள்.

"அங்கயிருந்து?"

"அங்கயிருந்து எங்கயும் இல்லை."

பிறகு அழுதாள். தமிழிலும் டொச்சிலும் மாறி மாறிச் சொன்னாள். முதல் நாளே, முன்பே நிரல் எழுதிப் பழகியவர்களைக் கையை உயர்த்தும்படி விரிவுரையாளர் சொன்னாராம். மண்டபம் முழுக்கக் கை. பன்னிரண்டு வயதிலிருந்து விளையாட்டுகள் எழுதிய பெடியன்கள். முன்னறிவு தேவையில்லை என்ற பாடம், இரண்டாம் கிழமையே அவர்களோடு ஓடத் தொடங்கிவிட்டதாம். உதவி வகுப்பில் கேள்வி இருக்கிறதா என்று கேட்பார்களாம். மற்றவர்கள் கேட்கிற கேள்வியே இவளுக்கு விளங்காதாம்.

"என்ன விளங்கேல்லை எண்டு கேக்கிறதுக்கும் கொஞ்சம் விளங்க வேணும் அப்பா. எனக்கு அதுவும் இல்லை."

பரீட்சையில் இரண்டு தடவை தவறியாகிவிட்டது. மூன்றாவது வருகிறது. அதில் போனால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் அவள் வாயால் கேட்டேன்.

"ஏன் பிள்ளை எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று றீற்றா கேட்டாள்.

ஜெனி அவளை உற்றுப் பார்த்தாள். "நீங்கள் கேக்கேல்லைத்தானே. என்ர சிநேகிதி லீனாவின்ர அம்மா ஒவ்வொரு நாளும் கேப்பா. எங்க போறாய், எப்பிடிப் போச்சு, என்ன படிச்சனீ எண்டு. நீங்கள் ஒருநாளும் கேக்கிறேல்லை. உங்களுக்கு இது பெரிசில்லை எண்டு நினைச்சன்."

எங்கள் வீட்டில் கேட்காமல் இருப்பதுதான் பாசம். கதவோரம் வாயைக் கட்டிக்கொண்டு நின்ற அம்மாவின் பாசம். அதை இந்தப் பிள்ளை அக்கறையின்மை என்று வாசித்திருக்கிறாள். இவ்வளவு காலமும் ஒரே வீட்டுக்குள்! றீற்றா ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து நான் கேட்கிறவனானேன். பழகாத வேலை. அவள் உதவி வகுப்புக்குப் போகத் தொடங்கினாள், முதலாவது கேள்வி கேட்ட நாளில் காய்ச்சல் வந்தவள் போல வந்தாள். பின்னேரத்தில் படித்ததை எனக்கு விளங்கப்படுத்துவாள். இங்கே நிரல் எழுதுகிறவர்கள் மேசையில் ஒரு றப்பர் தாராவை, வாத்துப் பொம்மையை, வைத்துக்கொண்டு, பிழையை அதற்கு விளங்கப்படுத்துவார்களாம். விளங்கப்படுத்தும்போதே பிழை பிடிபடுமாம். "நீங்கள்தான் என்ர தாரா" என்றாள். தாரா கேள்வி கேட்காது. நான் கேட்பேன், முட்டாள்தனமாக.

ஒருநாள், தன்னைத்தானே கூப்பிடுகிற ஒரு செயல்கூறை, அதாவது நிரலுக்குள் இருக்கிற ஒரு குட்டி நிரலைப் பற்றிச் சொன்னாள். அதில்தான் இரண்டு தடவையும் கோட்டை விட்டாளாம்.

"தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு உள்ளுக்கு உள்ளுக்குப் போனால், எப்பிடித் திரும்பி வரும்?" என்றேன்.

"ஒவ்வொருக்காப் போகேக்கயும், எங்க திரும்பி வர வேணும் எண்டதைக் கொம்பியூட்டர் முதலே குறிச்சு வைக்கும் அப்பா. குறிக்காமல் ஒண்டையும் அனுப்பாது. நிக்கிற இடம் சொல்லாமல் விட்டால்தான் பிரச்சினை. போய்க்கொண்டே இருக்கும்."

எனக்கு அண்ணனின் சைக்கிள் கண்முன் வந்தது. அவளுக்கு அண்ணனைப் பற்றி அதிகம் தெரியாது. அன்றைக்குச் சொன்னேன்.

மூன்றாவது பரீட்சையில் அந்தக் கேள்வியைச் சரியாகச் செய்துவிட்டாள். வேறொன்றில் தவறினாள். கொஞ்சப் புள்ளிதான். அதனால்தான் இந்த நடைபாதை, இந்தக் கதவு.

இப்போது உள்ளே பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

7

மூன்று நாள் கழித்து இதை எழுதுகிறேன்.

கதவு திறந்து ஜெனி மட்டும் வந்தாள். அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுக்கும்வரை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கை பனிக்கட்டி. நான் விடாமல் கேட்டேன். என்ன கேட்டவை, நீ என்ன சொன்னனீ, அதுக்கு அவர் என்ன சொன்னவர்? ஒரு கேள்வி தனக்கு விளங்கவில்லை என்றும், விளங்கவில்லை, வேறு மாதிரிக் கேட்க முடியுமா என்று தான் திருப்பிக் கேட்டதாகவும் சொன்னாள். பேராசிரியர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லையாம். அது நல்லதோ கெட்டதோ தெரியாது. பதில் சொல்லிக்கொண்டிருந்தவரை அவள் நடுங்கவில்லை. அதனால் நான் வாய் மூடவில்லை.

இளம் விரிவுரையாளர் எட்டிப் பார்த்து அவளுடைய பெயரைச் சொன்னார். எழும்பினாள்.

"எங்க போறாய்?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. ஆனாலும் ஒரு சின்னச் சிரிப்பு. "உள்ளுக்கு அப்பா. இருங்கோ, வாறன்."

வந்தாள். சித்தியடைந்துவிட்டாள். கொடுக்கக் கூடியதில் ஆகக் குறைந்த புள்ளி. அதற்குக் கீழே போனால் தவறியதுதான். றீற்றாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவளால் முழந்தாளிலிருந்து எழும்ப முடியவில்லையாம், கால் மரத்துவிட்டது. கீழ்வீட்டுக் கிழவிதான் சத்தம் கேட்டு வந்து தூக்கிவிட்டாள்.

அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இது முதல் வருடத்து ஒரு பாடம். இன்றைக்கு அடுத்த பாடம் தொடங்குகிறது, அதிலும் மூன்று தடவைதான், அதிலும் அந்தப் பெடியன்கள் இவளுக்கு முன்னால்தான் இருப்பார்கள். இரவு சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் பை, சப்பாத்து, எல்லாம் ஆயத்தம். கதவடியில் போய் நின்றாள். பிடியில் கை வைக்கவில்லை. அப்படியே நின்றாள்.

றீற்றா குசினி வாசலில். நான் மேசையடியில், தேத்தண்ணிக் கோப்பையோடு. ஒருவரும் கேட்கவில்லை. பழைய பழக்கம் அவ்வளவு இலேசில் போகாது.

"அப்பா" என்றாள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே. "பயமாக் கிடக்கு. கேளுங்கோ."

நான் வாயைத் திறப்பதற்குள் றீற்றா முந்திக்கொண்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக.

"எங்க பிள்ளை போறாய்?"